கட்டிலில் இருந்து கழற்றிக் கொடுத்த ஆணி

கடையை றிஸ்னாவிடம் ஒப்படைத்து இரண்டு வருடமாகிறது. காத்தான்குடிப் பெண், கெட்டிக்காரி. பாவித்த பிள்ளைக் கட்டில்களையும் தள்ளுவண்டிகளையும் நான் இருந்த இடத்தில் இருந்துகொண்டு விற்றேன். அவள் படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் போட்டு, வாழைச்சேனையில் இருப்பவருக்கும் கல்முனையில் இருப்பவருக்கும் விற்கிறாள். வாரத்தில் ஒரு நாளாவது எனக்கு அழைப்பு வரும். "மாஸ்டர், இந்த வண்டிட சில்லு ஒரு பக்கம் இழுக்குது, ஒருக்கா வந்து பாருங்களன்" என்பாள். நான் எங்கும் படிப்பித்தவன் அல்ல. கண்ணாடியும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, வெளிநாட்டுச் சாமான்களோடு வரும் ஆங்கிலத் தாள்களை வாசித்துப் பூட்டுவதால் சனம் எனக்கு வைத்த பெயர் அது.

போன மாதம் சில்லுப் பார்க்கப் போனபோது, அவள் கதிரையில் ஏறி நின்று, வாசல் நிலையில் தொங்கும் பழைய தகரப் பால்பேணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அதக் கழட்டாத பிள்ளை."

"இது என்னத்துக்கு மாஸ்டர்? மழத் தண்ணி நிறைஞ்சு நுளம்பு பெருகும். சுகாதாரக்காரர் கண்டா வழக்கு எனக்குத்தான்."

"அடியில ஓட்டை இரிக்கு, பார்."

அவள் பேணியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை இருந்தது. அதற்காக விட்டுவிடும் ஆள் அல்ல. "அப்ப இது என்னத்துக்கெண்டு நாலு வரி எழுதித் தாங்க, கடைட பேஸ்புக் பக்கத்துல போடுறன். இல்லாட்டி நாளைக்குக் கழட்டுவன்."

நாலு வரியில் எழுதிப் பார்த்தேன். உண்மை அதற்குள் அடங்கவில்லை.

கடையைத் தொடங்கியவர் கிளமன்ட் அங்கிள். போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர், தச்சர். நான் உயர்தரம் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாக இருந்து, அந்தச் சங்கம் மூடியதும் அவரிடம் கணக்கெழுதப் போனேன். ஆறு மாதத்தில் கணக்குப் புத்தகம் மூலைக்குப் போய்விட்டது; என் கையில் அரத்தாள் இருந்தது. இதுதான் என் பயிற்சிக் காலம். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

அப்போது எல்லாப் பழைய தளபாடமும் விற்றோம். சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளோடு வந்து தங்கிய வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தார் ஊரை விட்டுப் போகும்போது கட்டில், உயர்க்கதிரை, தள்ளுவண்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு ஒவ்வோர் ஆவணியிலும் லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் வருகிறவர்கள், கொண்டுவந்த வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகச் சலித்து இங்கேயே விட்டார்கள். மாமாங்கத் திருவிழாவுக்குப் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போய், மணலில் சில்லுப் புதைந்து, கடைசியில் பிள்ளையை இடுப்பிலும் வண்டியைத் தோளிலும் சுமந்துகொண்டு வந்தவர்கள்தான் எங்களுக்கு அதிகமாக விற்றார்கள். இப்படியே நாங்கள் பிள்ளைச் சாமான் கடையாகிவிட்டோம்.

ஒரு கட்டில் கடைக்குள் வந்தால் அங்கிள் முதலில் அதைச் சுற்றி ஒரு தரம் நடப்பார். கையால் தொடமாட்டார். பிறகு சேர்ட் பையில் இருந்து ஒரு மரக்கட்டையை எடுப்பார். இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலம், அவரே செதுக்கியது. பக்கச் சட்டங்களின் ஒவ்வோர் இடைவெளியிலும் அதை நுழைத்துப் பார்ப்பார். எங்காவது கட்டை அந்தப் பக்கம் போனால் பிள்ளையின் உடம்பும் போகும், தலை மாட்டும் என்று பொருள். அந்தக் கட்டில் அன்றே விறகு. அது தேக்கா முதிரையா என்று அவர் பார்த்ததில்லை. கட்டையில் தேறியதைச் சுரண்டி, பழைய பெயின்ட் ஒரு துளி இல்லாமல் எடுத்து, தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் கலந்து தேய்ப்பார். "பல்லு முளைக்கிற பிள்ளை இதத்தான் கடிக்கும்" என்று சொல்லிவிட்டு, மேல் சட்டத்தைத் தானே குனிந்து ஒரு கடி கடிப்பார். வாங்க வந்தவர்கள் திகைத்து நிற்பார்கள். கடைசியாகப் பதினைந்து கிலோ அரிசி மூட்டையைக் கட்டிலுக்குள் வைத்துத் தூக்கித் தூக்கிப் போடுவார். "பிள்ளை படுக்கிறதுக்கு மட்டுமா கட்டில்? நிண்டு குதிக்கிறதுக்கும்தான்."

வேலை செய்யும்போதெல்லாம் போர்த்துக்கீசப் பாட்டொன்றை மூக்கால் முனகிக்கொண்டிருப்பார். சொல் விளங்காவிட்டாலும் அந்த மெட்டு எனக்கு மனப்பாடம்.

இனி ஆணிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன் பிள்ளைக்கென்று ஒன்றும் வாங்குவதில்லை. தமிழர், முஸ்லிம், பறங்கியர் எவரானாலும் ஏதோ ஓர் அளவில் இந்தப் பயம் உண்டு. பிறந்த பின்தான் ஓடித் திரிவார்கள். அப்போது நல்ல கட்டில் விலைப்பட்டிருக்கும். அதனால் ஏழாம் எட்டாம் மாதத்தில் சோடியாக வந்து, சும்மா பார்க்க வந்ததுபோல் பார்த்து, ஒரு கட்டிலின் மேல் கையை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பார்கள். காசு கொடுத்தால் வாங்கியதாகிவிடும். பெயர் எழுதினாலும் அப்படித்தான்.

அங்கிள் இதற்கொரு வழி வைத்திருந்தார். கட்டிலின் நாலு மூலையையும் பிடித்து வைத்திருப்பவை நாலு மரையாணிகள். அவற்றில் ஒன்றைக் கழற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுப்பார். "இத வெச்சிருங்க. ஆணி கொண்டு போறது கட்டில் வாங்கினதாகாது." ஓர் ஆணி இல்லாத கட்டிலை நாங்கள் வேறு எவருக்கும் விற்கமாட்டோம். பிள்ளை பிறந்ததும் யாராவது அந்த ஆணியோடு வருவார்கள். பூட்டிக் கொடுப்போம். காசு அப்போதுதான்.

ஆணியோடு ஆள் வந்தால் அங்கிள் கேட்பது ஒரே கேள்வி: "எத்தினை றாத்தல்?" நாடு முழுவதும் கிலோவுக்கு மாறிய பிறகும் பிள்ளைகள் எங்கள் கடையில் றாத்தலில்தான் பிறந்தார்கள்.

ஆணியோடு வந்தவர்களை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். மீன்பிடிக்கிற ஒருவர், தொலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று ஆணியைத் தன் வீச்சு வலையில் முடிந்து வைத்திருந்தார். பிள்ளை பிறப்பதற்கு முதல் நாள் அது வாவிக்குள் போய்விட்டது. குற்றவாளியைப்போல வாசலில் நின்றார். கையில் ஒரு பை இறால். "ஆணி போனா என்ன, ஆள் வந்திட்டுதே. எத்தினை றாத்தல்?" என்றார் அங்கிள். இன்னொரு முறை ஏறாவூரில் இருந்து மச்சான்மார் இரண்டு பேர் ஒரே நாளில் வந்தார்கள். இரண்டு பேர் மனைவிமாருக்கும் ஒரே கிழமையில் பிள்ளை. ஆணி மாறிவிட்டது. ஒவ்வொருவரும் கொண்டுவந்த ஆணி மற்றவரின் கட்டிலில்தான் ஏறியது.

"நான் அப்பவே சொன்னன், என்ட ஆணி நீளம் எண்டு."

"உங்கட எல்லாம் நீளந்தான் மச்சான், வாயும் நீளம்."

அங்கிள் இரண்டு கட்டிலையும் பூட்டி முடிக்கும்வரை அவர்கள் சண்டை முடியவில்லை.

ஆனால் எல்லா ஆணியும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. அதற்குத்தான் பேணி. பிள்ளை இல்லாமல் போனவர்கள் கடைக்குள் வந்து முகம் காட்ட வேண்டியதில்லை, ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. போகிற வழியில் பேணிக்குள் ஆணியைப் போட்டுவிட்டுப் போகலாம். காலையில் கடை திறக்கும்போது அங்கிள் முதலில் பேணிக்குள் கை விட்டுப் பார்ப்பார். ஆணி கிடந்தால் அன்று பாட்டு இல்லை. அந்த ஆணியை அவர் திரும்பக் கட்டிலில் பூட்டுவதும் இல்லை. கடைக்குப் பின்னால் வாவிக் கரைக்குப் போய், சிலுவை அடையாளம் போட்டு, வாய்க்குள் செபம் சொல்லி, தண்ணீருக்குள் போடுவார். பிறகு கட்டிலுக்குப் புது ஆணி போட்டு விற்போம். யாருடையது, என்ன நடந்தது என்று விசாரிப்பதில்லை. எனக்கு அவர் வைத்த முதலாவது சட்டம் அது: "கேக்காத. ஆணி வரும், இல்லாட்டிப் பேணிக்கு வரும். அதுவரைக்கும் நீ பேசாம இரு."

ஒரு பெப்ரவரி மாதம், அமிர்தகழியில் இருந்து சுகந்தி என்ற பெண்ணும் அவள் கணவர் யோகனும் வந்தார்கள். யோகன் ஓட்டோ ஓட்டுகிறவர். கடையில் அப்போது இருந்தவற்றில் ஆக நல்ல கட்டில், தேக்கு, தலைமாட்டில் இரண்டு கொக்குகள் செதுக்கியது. சுகந்தி அதன் மேல் கை வைத்தாள். ஏழாம் மாதம் இன்னும் தொடங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. இவ்வளவு வெள்ளென வருவது வழக்கமில்லை. ஆனாலும் அங்கிள் ஆணியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதைக் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

இரண்டு கிழமை கழித்து, சுகந்திக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டதாம் என்று தேநீர்க் கடையில் பேச்சு அடிபட்டது. ஆணி வரவில்லை. ஒரு மாதம் போனது. ஒருநாள் சந்தைக்கு முன்னால் யோகனைக் கண்டேன். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓட்டோவைப் பக்கத்து ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டார். சரி, பிள்ளை இல்லை என்று நான் முடிவெடுத்தேன்.

நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்பது சட்டமாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறர் மனம் நோகாமல் இருக்க அங்கிள் வைத்த சட்டத்தை, என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அங்கிள் கண் சத்திரசிகிச்சைக்குப் போனார். பத்து நாள் கடை முழுவதும் என் பொறுப்பு. மூன்றாம் நாள் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்து ஒரு போடியார் வந்து இறங்கினார். பெரிய வயற்காரர். கலியாணமாகிப் பல வருடம் கழித்து மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பேரனுக்குக் கொக்குக் கட்டில்தான் வேண்டும் என்றார்.

"அது ஆணி போன கட்டில் ஐயா."

"என்ன ஆணி? மாஸ்டர் மனம் வெச்சா ஒரு ஆணி கிடைக்காதா? கிளமன்ட் இருந்தா அவரக் கேப்பன். இப்ப கடைக்காரர் நீங்கதானே."

அந்த 'கடைக்காரர்' என்ற சொல்தான் என்னைக் கவிழ்த்தது. காசுக்காக நான் அதைச் செய்யவில்லை. அங்கிள் வேறு கட்டிலைக் காட்டியிருப்பார், அதே காசு வந்திருக்கும். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னைக் கடைக்காரர் என்று அழைத்தார். முடியாது என்று சொன்னால் திரும்பவும் நான் கணக்கெழுத வந்தவனாகிவிடுவேன் என்று தோன்றியது. உதிரி ஆணிப் பெட்டிக்குள் கிடந்த ஒன்றை எடுத்துப் பூட்டிக் கொடுத்தேன். அது மூன்று சுற்று ஏறியதும், முழுதாக இறங்காமல் சிக்கிக்கொண்டது. போதும் என்று விட்டேன்.

அங்கிள் ஒரு கண்ணில் பஞ்சுக் கட்டோடு திரும்பி வந்தார். கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"கொக்குக் கட்டில் எங்க மனே?"

"பேணிக்குள்ள ஆணி கிடந்தது அங்கிள்."

இதுதான் நான் சொன்ன பொய். அவர் கையை நீட்டினார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. பெட்டிக்குள் இருந்து இன்னோர் ஆணியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அதை விரல்களால் தடவிக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு கால் தடவித் தடவி வாவிக் கரைக்குப் போனார். நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டியில் கிடந்த எவருக்கும் சொந்தமில்லாத ஓர் ஆணிக்கு அவர் சிலுவை அடையாளம் போட்டார். செபம் சொன்னார். அன்று முழுவதும் பாட்டு இல்லை.

அடுத்த வியாழக்கிழமை பத்து மணி போல ஓட்டோ ஒன்று வாசலில் நின்றது. சுகந்தி இறங்கினாள். மெலிந்து, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டு வந்தாள். கைலேஞ்சியை விரித்து ஆணியை மேசையில் வைத்தாள்.

அங்கிள் பழக்கத்தில் கேட்டுவிட்டார். "எத்தினை றாத்தல்?"

"பிறக்கக்குள்ள ஒரு கிலோவும் இல்ல அங்கிள். இப்ப ரெண்டே கால் கிலோ. எழுவத்திரெண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தவங்க. சனிக்கிழம வீட்ட விடுறாங்க."

யோகன் பின்னால் நின்று, "ஆணியப் பிடிச்சுக்கொண்டுதான் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துல இருந்தவ. நேர்ஸ்மார் பகிடி பண்ணுவாங்க, அது என்னகா தாயத்தா எண்டு" என்றார்.

அப்போதுதான் அவள் வெறுமையாகக் கிடந்த இடத்தைக் கண்டாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"கட்டில் எங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, அங்கிளைப் பார்த்தாள். "என்ட புள்ள தப்பாது எண்டு நினைச்சுட்டீங்களா?"

வாய் திறக்க வேண்டியவன் நான். திறக்கவில்லை. அங்கிள் மேசையில் கிடந்த ஆணியை எடுத்து, பஞ்சுக் கட்டுப் போடாத கண்ணுக்கு முன்னால் பிடித்தார். பிறகு என்னை ஒருதரம் பார்த்தார். அந்த ஒற்றைக் கண் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதென்று எனக்குத் தெரிந்தது.

"பிழை என்ட கண்ணுதான் பிள்ள" என்றார். "வேற ஆரோ பேணிக்குள்ள போட்ட ஆணிய இதெண்டு நினைச்சுப்போட்டன். கண்ணு இப்ப சரியில்ல. நீங்க போங்க. சனிக்கிழம கட்டில் உங்கட வீட்டுக்கு வரும்."

"அதே கட்டிலா?"

"அதே கட்டில்."

வெள்ளி காலையில் ஒரு சின்ன லொறியில் வேறொரு நல்ல கட்டிலை ஏற்றிக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். மண்முனையில் பாலம் வருவதற்கு முந்தைய காலம். வாவியைக் கடக்க, வண்டியையும் சனத்தையும் ஏற்றிச் செல்லும் மிதவைதான்; அதைப் 'பாதை' என்போம். போடியார் வீட்டுக்குப் போனபோது கட்டில் விறாந்தையில் இருந்தது; அதற்குள் பேரன் இரண்டு கையையும் விரித்து உறங்கிக்கொண்டிருந்தான்.

போடியாருக்குக் கோபம் வந்ததில் பிழையில்லை. "உறங்கிற பிள்ளைய எழுப்பிப்போட்டுக் கட்டிலக் கொண்டு போறதோ? விசரா உங்களுக்கு? நான் களவெடுத்தா வந்தனான்?"

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மனே."

சொன்னேன். ஆணி போனதை, எழுபத்திரண்டு நாளை, பேணியைப் பற்றிச் சொன்ன பொய்யை, தண்ணீருக்குள் போன பெட்டி ஆணியை, எல்லாவற்றையும் நின்றபடி சொன்னேன். போடியார் தலையைக் குனிந்துகொண்டார். கடைக்காரர் என்று என்னை ஏற்றிவிட்டது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

கதவு நிலையில் அவருடைய மகள் மலர் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை பெற்று இரண்டு கிழமை. நேரே வந்து குனிந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். அவன் விழிக்கவே இல்லை.

"அப்பா, கட்டில ஏத்துங்க."

"புள்ள!"

"இவன் நெல்லு மூட்டைக்கு மேல போட்டாலும் உறங்குவான். அந்தப் புள்ள கண்ணாடிக்குள்ள கிடந்திட்டு வருது." பிறகு என்னைப் பார்த்தாள். "கொண்டந்த கட்டில இஞ்சயே பூட்டுங்க. நாலு ஆணியும் இரிக்கா எண்டு நான் எண்ணிப் பாத்துத்தான் விடுவன்."

எண்ணினாள். ஒவ்வோர் ஆணியையும் விரலால் தொட்டு எண்ணினாள். கொக்குக் கட்டிலில் நான் போட்ட ஆணியைக் கழற்றியபோது, அது ஆடிக்கொண்டிருந்ததை அங்கிள் பார்த்தார். அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளை படுத்த கட்டிலை வெறுமையாக வீட்டை விட்டு வெளியே எடுக்க ஒண்ணாது என்று போடியாரின் மனைவி தடுத்தார். உள்ளே போய், இரண்டு கையாலும் ஒரு பூசணிக்காயைத் தூக்கி வந்து கட்டிலுக்குள் வைத்தார்.

திரும்பி வரும்போது பாதையில் நல்ல சனம். லொறியில் கொக்குக் கட்டிலும் அதற்குள் பூசணிக்காயும். ஒரு மீன் வியாபாரி எட்டிப் பார்த்தார்.

"என்ன அங்கிள், ஆம்பிளப் புள்ளையா, பொம்பிளப் புள்ளையா?"

"இன்னும் பாக்கல்ல."

"எத்தினை றாத்தல்?"

"பதினொண்டு. தாயும் சேயும் நல்ல சுகம்."

பாதை முழுவதும் சிரித்தது. அங்கிளும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நான் செபம் சொல்லிப் போட்டது எந்த ஆணி?"

"பெட்டிக்குள்ள கிடந்தது அங்கிள். துருப்பிடிச்சது."

"துருப்பிடிச்ச ஆணிக்கு ஒரு முழுச் செபம்" என்றார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "மனே, மனிசர் பொய் சொல்லுவாங்க. நானும் நேத்துச் சொன்னன். பேணியப் பொய் சொல்ல வெச்சுப்போட்டாய். அதுதான் சரியில்ல."

சுகந்தியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "அவ சந்தோசமா இரிக்கட்டும். என்ட கண்ணோட போகட்டும்."

நான் உடனே ஒத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் விசயம் கட்டிலை விற்றது அல்ல, பொய் சொன்னதும் அல்ல, அந்த 'உடனே'தான்.

சனிக்கிழமை கட்டில் அமிர்தகழிக்குப் போனது. சுகந்தி தன் கையாலேயே ஆணியைப் பூட்டினாள். பிள்ளைக்கு அபிநயா என்று பெயர். சுகந்தி நன்றாகக் கதை சொல்லும் பெண். தன் கட்டில் வாவி கடந்து போய் வந்த கதையைச் சந்தையிலும் கோயிலிலும் சொன்னாள். ஆணி மாறித் தெரிந்த அங்கிளின் கண்ணை அதில் சிரிப்பாகச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தோடுதான். ஆனால் சனம் காதில் வாங்கியது வேறு. அங்கிளுக்கு இப்போது கண் தெரியாதாம் என்றார்கள். மரக்கட்டை நுழைத்துப் பார்த்த கட்டிலை, வாங்க வந்தவர்கள் தாங்களும் ஒருமுறை விரல் விட்டுப் பார்த்தார்கள். கட்டிலைச் சுற்றி ஒருதரம் நடந்தாலே அதன் குறை தெரிந்துவிடும் மனிதர் அவர். அவர் பூட்டிய கட்டிலை அவர் முன்னாலேயே ஆட்டிப் பார்த்தார்கள். அவர் பாடிக்கொண்டே இருந்தார். பேணிக்குள் ஆணி கிடக்கும் காலைகளில் மட்டும், கரைக்குப் போகும் முன் என் முகத்தை ஒருதரம் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் போவார். நாலு வருடம் அப்படிப் பார்த்துவிட்டு, ஒரு மார்கழியில் இறந்துபோனார்.

நானும் அந்தக் கதைக்குக் கூடச் சிரித்திருக்கிறேன். பல தடவை.

றிஸ்னா பேணியைக் கழற்றப் பார்த்து ஒரு கிழமைக்குள், சுகந்தி கடைக்கு வந்தாள். தங்கைக்கு எட்டாம் மாதம். அன்று நானும் அங்கிருந்தேன். கூடவே அபிநயா. என்னை விட உயரம். தலையை நிமிர்த்தாமல் தொலைபேசியில் எதையோ தட்டிக்கொண்டு நின்றாள். தங்கை ஒரு வெள்ளைக் கட்டிலின் மேல் கை வைத்தாள். றிஸ்னா ஆணியைக் கழற்றப் போனாள். அவளுக்கும் அந்த வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பேணியைப் பற்றித்தான் சொல்லாமல் விட்டிருந்தேன்; வரும்போதெல்லாம் நானே அதற்குள் கை விட்டுப் பார்த்துக்கொள்வேன்.

"கவனம் றிஸ்னா, ஆணி மாறும்" என்று சுகந்தி சிரித்துக்கொண்டு தொடங்கினாள். "அந்தக் காலத்துல கிளமன்ட் அங்கிள்ட கண்ணு..."

"அது அவர்ட கண் இல்ல பிள்ள" என்றேன்.

இந்த முறை நின்றபடி சொல்ல முடியவில்லை. கதிரையில் இருந்துகொண்டு சொன்னேன். அபிநயா தொலைபேசியைக் கீழே இறக்கினாள். றிஸ்னா கையில் ஆணித் திறப்போடு அப்படியே நின்றாள்.

"அப்ப இவ்வளவு காலமும் அந்த மனிசன்ட கண்ணச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனே மாஸ்டர்" என்றாள் சுகந்தி. "அதுக்கு நான் இப்ப என்ன செய்யிற?"

அவளே பதிலும் சொன்னாள்.

"இனிக் கதை சொல்லக்குள்ள உங்கட பேரச் சொல்லித்தான் சொல்லுவன்."

"சொல்லுங்க. நானும் எழுதுறன்."

அவள் கட்டிலைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இருந்தது; அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. றிஸ்னாவிடம் திரும்பினாள்.

"ஒரு ஆணி போதாது. நாலையும் கழட்டுங்க."

"நாலுமா?"

"நாலும். மாஸ்டர் இன்னும் கடைக்கு வந்து போறார் எல்லுவா?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். நானும்; இந்த முறை சிரிக்க எனக்கு உரிமை இருந்தது. நாலு ஆணியையும் கழற்றியதும் கட்டில் பலகைகளாகப் பிரிந்து சுவரில் சாய்ந்தது. மூன்று கிழமையாக அந்தப் பலகைகள் கடையில் வழியை மறித்துக் கிடந்தன. றிஸ்னா தினமும் அதில் காலை இடித்துக்கொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டினாள். ஆனால் பேணியை அவள் துடைத்து, திரும்பவும் அதே இடத்தில் மாட்டியிருந்தாள். ஒவ்வொரு காலையும் கடை திறந்ததும் அதற்குள் கை விட்டுப் பார்க்கிறாளாம்.

நேற்று நான் கடைக்குள் இருக்கும்போது வாசலில் ஏதோ கிலுங்கிற சத்தம் கேட்டது. அபிநயா. கையில் ஒரு சொப்பிங் பை. அதை மேசையில் கவிழ்த்தாள். நாலு ஆணியும் உருண்டன.

"எத்தினை றாத்தல்?" என்றேன்.

"றாத்தல் எண்டா என்ன?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியைத் தட்டினாள். "மூண்டு கிலோ... ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைய. தம்பி."

பூட்டினேன். கை முன்போல இல்லை. அரை மணித்தியாலம் பிடித்தது. அவள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழுந்து, கட்டிலைச் சுற்றி வந்து, ஒவ்வோர் ஆணியையும் விரலால் தொட்டு எண்ணினாள். அது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பிறகு கட்டிலை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தாள்.

அது ஆடவில்லை.